குடோன், கிடங்கு, கிட்டங்கி

சிவகங்கை மாவட்டத்தில் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் அரிசிக் கிடங்கு எதன் வாசலிலும் 'வட்ட செயல்முறைக் கிடங்கு' என்று போர்டு இருக்கும். அங்கே மூட்டை ஏற்ற வரும் லாரி டிரைவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், 'ரேஷன் குடோனுக்கு' என்பார். அதே கட்டடத்தைக் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பழைய தலைமுறை செட்டியார் ஒருவர் பார்த்தால், அவர் வாயில் 'கிட்டங்கி' என்று வரும். போர்டில் இருப்பது நல்ல தமிழ், டிரைவர் சொல்வது இங்கிலீஷ், பெரியவர் சொல்வது ஏதோ பழைய வட்டார வழக்கு என்றுதான் கேட்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதற்கு வலுவான சான்றுகள் இருக்கின்றன. அந்தச் சான்றுகளில் பாதி தமிழ்நாட்டில் இல்லை. மலாக்காவிலும் பர்மாவிலும் சிங்கப்பூரிலும் கிடக்கின்றன.

மூன்றில் அதிகம் அலைந்தது குடோன்தான். வெங்காய குடோன், பஞ்சு குடோன், பழைய பேப்பர் குடோன் என்று அது போகாத தெரு கிடையாது. இங்கிலீஷ் என்று நினைத்துத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் லண்டனில் ஒரு கடைக்காரரிடம் போய் 'கோடவுன் எங்கே இருக்கிறது' என்று கேட்டால் அவருக்குப் புரியாது. அங்கே அது வேர்ஹவுஸ். கோடவுன் என்ற இங்கிலீஷ் வார்த்தை வாழ்வது மும்பையில், கொழும்பில், சிங்கப்பூரில், ஹாங்காங்கில். ஹாங்காங் துறைமுகத்தில் 1886இல் தொடங்கிய பெரிய கம்பெனி ஒன்றுக்கு வைத்த பெயரே 'ஹாங்காங் அண்ட் கவுலூன் வார்ஃப் அண்ட் கோடவுன் கம்பெனி'. இங்கிலாந்தை விட்டுவிட்டு ஆசியக் கடற்கரையில் பெரிதும் புழங்கும் ஒரு இங்கிலீஷ் வார்த்தை என்றால், அது எங்கே பிறந்திருக்கும் என்பதற்கு அதுவே முதல் துப்பு.

தீக்கு பயந்த ஊர்கள்

இங்கிலீஷில் இந்த வார்த்தை முதலில் தலைகாட்டுவது 1588இல். சேசரே ஃபெதரிச்சி என்ற வெனிஸ் வியாபாரி 1563இல் ஊரை விட்டுக் கிளம்பி, இந்தியா, மலாக்கா, பர்மா என்று சுற்றிவிட்டு 1581இல்தான் திரும்பினார். அவர் இத்தாலிய மொழியில் எழுதிய பயண நூலை தாமஸ் ஹிக்காக் என்பவர் 1588இல் லண்டனில் இங்கிலீஷில் வெளியிட்டார். அதில் பெகு நகரத்தைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. இன்றைய மியான்மரின் பகோதான் அன்றைய பெகு. ஊரில் வீடுகள் எல்லாம் மூங்கிலும் ஓலையும். ஒரு பொறி பட்டால் தெருவே போய்விடும். அதனால் வியாபாரிகள் செங்கல்லால் ஒரு கட்டடம் கட்டி, விலை உயர்ந்த சரக்கையெல்லாம் அதில் வைத்துக்கொள்கிறார்கள், அதற்கு 'கோடன்' என்று பெயர் என்கிறார் ஃபெதரிச்சி.

இது வெறும் பெயர்க் குறிப்பு மட்டும் இல்லை. குடோன் என்ற ஒன்று எதற்காகத் தேவைப்பட்டது என்பதையும் அவர் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். பருவக்காற்றை நம்பிக் கப்பல் ஓட்டிய காலம் அது. ஒரு காற்றில் வந்து இறங்கிய வியாபாரி, அடுத்த காற்று திரும்பும் வரை மாதக்கணக்கில் அங்கேயே தங்க வேண்டும். துணியும் மிளகும் கிராம்பும் அத்தனை நாளும் ஒரு இடத்தில் பத்திரமாகக் கிடக்க வேண்டும். மரமும் ஓலையுமான ஊரில் பத்திரம் என்றால் கல், செங்கல், சுண்ணாம்பு. காஸ்பர் கொரேயா என்ற போர்த்துகீசிய வரலாற்றாசிரியரும் குடோன்களைப் பற்றி எழுதும்போது, கீழ்ப்பகுதி சுண்ணாம்பு வைத்துக் கட்டிய உறுதியான கல் வீடுகள் என்றே சொல்கிறார்.

ஃபெதரிச்சிக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னாலேயே போர்த்துகீசியர்கள் இந்த வார்த்தையைப் பிடித்துவிட்டார்கள். அவர்களுடைய தளபதி அல்புகெர்க்கி மலாக்காவைக் கைப்பற்றியது 1511இல். 1513இல் அவருக்குப் போன கடிதம் ஒன்றில், ஜாதிபத்திரி நிறைந்த ஒரு 'குதாம்' எரிந்துபோன செய்தி இருக்கிறது. பிறகு வந்த போர்த்துகீசிய வரலாறுகளில் 'குதாவ்', பன்மையில் 'குதோய்ஷ்' என்று திரும்பத் திரும்ப வருகிறது. கிராம்பு, ஜாதிக்காய், சந்தனம் என்று அள்ள அள்ளக் குறையாத சரக்கு இருந்த குடோன்களைப் படைவீரர்கள் கொள்ளையடித்த கதையை அந்த வரலாற்றாசிரியர்களில் ஒருவரான காஸ்தன்யெதா எழுதியிருக்கிறார். சரக்கு அவ்வளவு இருந்ததால், அள்ளி முடிக்க ஊர்க்காரர்களையும் கூப்பிட வேண்டியிருந்ததாம்.

போர்த்துகீசியர்களுக்கு இது மலாக்காவில் காதில் விழுந்த வார்த்தை. மலாயில் 'குடாங்' என்றால் சரக்கறை, 'கெடோங்' அல்லது 'கெடுங்' என்றால் கல்லாலோ செங்கல்லாலோ கட்டிய கட்டடம். இரண்டும் இன்றைக்கும் உயிரோடு இருக்கின்றன. 1955இல் நேருவும் சுகர்னோவும் கலந்துகொண்ட ஆசிய ஆப்பிரிக்க மாநாடு பாண்டுங்கில் நடந்ததே, அந்த மண்டபத்தின் பெயர் 'கெடுங் மெர்டேகா', விடுதலைக் கட்டடம். இந்தோனேசியாவின் பிரபலமான கிராம்பு சிகரெட் 'குடாங் காரம்'. பெயருக்கு அர்த்தம் உப்புக் கிடங்கு.

கிட என்ற வேர்

சரி, மலாய்க்கு எங்கிருந்து வந்தது? இங்கேதான் 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதி முக்கியமாகிறது. ஹென்றி யூல், ஆர்தர் பர்னல் என்ற இருவர் சேர்ந்து தொகுத்தது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தென்னிந்திய மொழிகளில் ஆழ்ந்த படிப்பு உள்ளவர். கோடவுன் என்ற தலைப்பின் கீழ் அவர்கள் சொல்வதன் சாரம் இது. வார்த்தை கிழக்கிலிருந்துதான் இந்தியாவுக்கு வந்தது. ஆனால் கிழக்குக்கு அது போனது தென்னிந்தியாவிலிருந்து. தெலுங்கில் 'கிட்டங்கி', தமிழில் 'கிடங்கு', இரண்டுக்கும் சரக்கு கிடக்கும் இடம் என்று பொருள். வேர், கிட. இந்தி 'கோதாம்' மூலச்சொல் இல்லை, அது ஆங்கிலோ இந்திய வார்த்தையிலிருந்து பின்னால் எடுத்துக்கொண்டது.

தமிழில் கிடங்கு என்ற சொல்லின் வயதைப் பார்த்தால் வியப்பு வரும். சங்க இலக்கியத்தில் கிடங்கு என்றால் அகழி. மதுரைக் காஞ்சி மதுரைக் கோட்டையைச் சுற்றியிருந்த ஆழமான அகழியைக் கிடங்கு என்றுதான் சொல்கிறது. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடனின் ஊர் கிடங்கில். இன்றைய திண்டிவனம்தான் அந்த இடம். மலையாளத்தில் 'கிடங்ஙு' என்றால் இன்றும் பள்ளம், அகழி. தண்ணீர் கிடக்கும் பள்ளத்துக்கும் சரக்கு கிடக்கும் அறைக்கும் ஒரே பெயர் பொருந்துவதில் சிரமம் ஒன்றும் இல்லை. தமிழில் 'கிடை' என்று ஆடு மாடு கிடக்கும் இடத்தைச் சொல்கிறோம், 'கிடப்பில் போட்டான்' என்கிறோம், கடை முதலாளி 'சரக்கு நிறைய கிடக்கு' என்கிறார். எல்லாம் ஒரே வேர் பிடித்த சொற்கள்.

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். பெரிய இங்கிலீஷ் அகராதிகள் மலாய் வரைக்கும் உறுதியாகச் சொல்லிவிட்டு, அதற்கு அப்பால் தெலுங்கு, தமிழ் என்று வரும்போது 'இருக்கலாம்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்கின்றன. அது சரியான ஜாக்கிரதைதான். ஒலி ஒத்துப்போகிறது என்பதை மட்டும் வைத்து, இந்தச் சொல் எங்களுடையது என்று கொடி நடுவது எளிது. நம் வாட்ஸாப் குழுக்களில் தினம் அதுதான் நடக்கிறது. ஒரு சொல் கடல் கடந்தது என்று சொல்ல வேண்டுமானால், அதைக் கொண்டுபோன ஆட்கள் யார், அவர்கள் அங்கே இருந்தார்களா, என்ன செய்தார்கள், வேறு சொற்களையும் விட்டுவிட்டு வந்தார்களா என்று பார்க்க வேண்டும். குடோன் விஷயத்தில் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் கிடைக்கிறது.

ஆட்கள் இருந்தார்கள். சுமத்ராவின் மேற்குக் கடற்கரையில், கற்பூரத்துக்குப் பேர்போன பாருஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில், லோபு துவா என்ற இடத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஆண்டு 1088. வெட்டியவர்கள் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர். அதற்கும் 200 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ்க் கல்வெட்டு ஒன்று இன்றைய தாய்லாந்தின் தக்குவா பா பகுதியில் இருக்கிறது. அதில் மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவின் பெயர் வருகிறது. ஒரு குளத்தைக் காக்கும் பொறுப்பு அவர்களுக்கு. அந்நிய மண்ணில் குளத்துக்குப் பொறுப்பேற்கும் அளவுக்கு நிலைத்து இருந்தவர்கள், சரக்கு வைக்க ஒரு இடம் கட்டாமலா இருந்திருப்பார்கள்?

போர்த்துகீசியர் வந்தபோது மலாக்காவில் தமிழ் வியாபாரிகள் எவ்வளவு பெரிய ஆட்கள் என்பதற்கு ஒரே ஒரு பெயர் போதும். நினா சாத்து என்று போர்த்துகீசிய ஏடுகள் எழுதும் ஒரு இந்து வணிகர். 1509இல் மலாக்காவில் சிறைப்பட்ட போர்த்துகீசியர்களுக்கு ரகசியமாக உதவினார். 1511இல் நகரம் விழுந்த பிறகு அல்புகெர்க்கி அவரையே பெந்தகாரா, அதாவது அங்குள்ள இந்துக்களுக்கு அதிகாரி ஆக்கினார். 1514இல் அந்தப் பதவியை அவரிடமிருந்து எடுத்து, கம்பார் அரசருக்குக் கொடுத்தபோது, அவமானம் தாங்காமல் சிதை மூட்டி அதில் இறங்கி உயிரை விட்டார். இவரை இன்றைய நாட்டுக்கோட்டை நகரத்தாரோடு சேர்த்துவிடக் கூடாது. சோழமண்டலக் கரையிலிருந்து போன பல வணிகக் குலங்கள் அன்றைக்கு அங்கே இருந்தன. ஆனால் செட்டி என்ற சொல் போர்த்துகீசியர்களை அப்படிப் பிடித்துக்கொண்டது. வியாபாரி என்பதற்கு 'ஷாத்திம்', வியாபாரம் செய்வதற்கு 'ஷாத்தினார்' என்று தங்கள் மொழியிலேயே புதுச் சொற்கள் செய்துகொண்டார்கள். மலாயில் 'சேட்டி' என்றால் வட்டிக்குப் பணம் கொடுப்பவர்.

அடுத்து, மற்றச் சொற்கள். கப்பல் மலாயிலும் 'காப்பால்'. கடை 'கெடாய்'. பெட்டி 'பெத்தி'. கட்டில் 'காத்தில்'. வியாபாரத்தில் போடும் முதல் 'மோடால்'. இந்தோனேசியாவில் இன்றைக்கும் பங்குச் சந்தையைப் பற்றிய செய்தியில், மூலதனச் சந்தை என்பதற்கு 'பாசார் மோடால்' என்றுதான் எழுதுகிறார்கள். கப்பலில் வந்து, முதல் போட்டு, பெட்டி வைத்து, கடை திறந்து, கட்டில் போட்டுத் தங்கிய ஒருவருடைய வாழ்க்கை முழுதும் இந்த 5 சொற்களில் இருக்கிறது. அந்த வரிசையில் கிடங்கு மட்டும் போகாமல் இருந்திருந்தால்தான் அதற்குக் காரணம் தேட வேண்டும்.

இங்கிலீஷ்காரர்கள் இந்த வார்த்தையை 'கோ', 'டவுன்' என்று இரண்டு சொற்களைச் சேர்த்ததுபோல் எழுதத் தொடங்கியது தங்கள் காதுக்குப் பழகிய ஒலியில் அதை உட்கார வைத்ததால்தான். கீழே இறங்கிப் போகும் இடம் என்பதால் அந்தப் பெயர் என்று பின்னால் கதையும் கிளம்பியது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புளுட்டோ தொகுத்த போர்த்துகீசிய அகராதியிலேயே 'ஏறக்குறைய மண்ணுக்கு அடியில் இருக்கும் கடை' என்ற விளக்கம் இருக்கிறது. நடைமுறையில் பெரும்பாலான குடோன்கள் தரைக்கு மேலேதான் இருந்தன. இங்கிலீஷ் படிக்கிற பிள்ளைகளுக்கு இன்றைக்கும் சில ஆசிரியர்கள் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். சுவையான கதை, ஆனால் 1513ஆம் ஆண்டுக் கடிதம் அதற்கு இடம் கொடுக்காது.

பிறகு வார்த்தை கிளை விட்டது. சிங்களத்தில் 'குதாம', தாய் மொழியில் 'கோடாங்', பர்மிய மொழியில் 'கோடவுங்', இந்தியில் 'கோதாம்'. சுற்றிக்கொண்டு தமிழ்நாட்டுக்கு இங்கிலீஷ் வழியாக வந்து இறங்கியபோது, அது குடோன். எதிரே வீட்டுக்காரராகக் கிடங்கு உட்கார்ந்திருந்தது. இருவருக்கும் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியவில்லை.

செட்டித் தெருவின் கிட்டங்கிகள்

இப்போது மூன்றாவது சொல். தமிழ்நாட்டின் தென்பகுதியில் கிட்டங்கி என்றால் சரக்கு வைக்கும் இடம். நகரத்தார் அதே சொல்லைக் கடல் கடந்து எடுத்துப்போய், அதற்கு இன்னொரு வாழ்க்கையைக் கொடுத்தார்கள். சிங்கப்பூரில், கிட்டங்கி என்றால் லேவாதேவி நடக்கும் இடம். அதுவே ஆபீஸ், அதுவே தங்குமிடம், அதுவே சாப்பாட்டு இடம்.

சிங்கப்பூர் ஆற்றங்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே மார்க்கெட் ஸ்ட்ரீட். தமிழர்கள் அதைச் செட்டித் தெரு என்றார்கள். அங்கிருந்த ஒட்டுக் கடைவீடுகளில், குறுகலான முகப்பும் நீண்ட உடம்புமாக ஒரு கூடம். கூடத்தின் இரு பக்கமும் வரிசையாகச் செட்டியார்கள். ஒவ்வொருவருக்கும் சில அடி இடம். அந்த இடத்தில் ஒரு மரப் பெட்டகம், சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதும் உயரத்தில் ஒரு சாய்வு மேசை, ஒரு பாய். நாற்காலி கிடையாது. கடன் கேட்டு வரும் சீன வியாபாரியோ மலாய்க்காரரோ தரையில்தான் உட்கார வேண்டும். ஒரு கிட்டங்கிக்குள் பல கம்பெனிகள். ஒவ்வொன்றும் தனிக் கணக்கு, தனிப் பணம், ஆனால் கூரை ஒன்று, சமையல் ஒன்று. இரவில் பெட்டகத்தின் பக்கத்திலேயோ மாடியிலேயோ பாயை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். குடும்பம் செட்டிநாட்டில். இவர்கள் இங்கே 3 வருஷம், கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்பலாம்.

கிட்டங்கிக்குள் புழங்கிய சொற்களுக்கென்று ஒரு சிறு அகராதியே போடலாம். கம்பெனியின் பெயர் 'விலாசம்'. ஊரும் தெருவும் அதில் கிடையாது. தாத்தா, அப்பா, பிள்ளை பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த சரம் அது. அந்த எழுத்துகளைக் கேட்டதும் எந்த ஊர், எந்தக் கோயில் பிரிவு, எந்த வீடு என்று சக செட்டியாருக்குத் தெரிந்துவிடும். முதலாளி ஊரில் இருப்பார். கிட்டங்கியில் பொறுப்பாக இருப்பவர் 'மேலாள்'. அவருக்கு அடுத்து 'அடுத்தாள்'. எல்லோருக்கும் கடைசியில், 12, 13 வயதில் கப்பல் ஏறி வந்த 'பெட்டியடிப் பையன்'. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சில்லறை எடுத்துக் கொடுத்து, எடுபிடி வேலை செய்து, பேரேடு எழுதக் கற்று, வருஷம் போகப் போக அடுத்தாளாகி, மேலாளாகி, கொஞ்சம் முதல் சேர்ந்ததும் தன் விலாசத்தில் சொந்தக் கடை போடுவதுதான் அவன் கனவு. கணக்கு முடித்து வரவு செலவு, பாக்கி, லாபம் எல்லாம் காட்டும் அறிக்கை 'ஐந்தொகை'. போட்டு வைத்த பணத்துக்குத் 'தவணை வட்டி'. இந்தச் சொற்களில் ஒன்றுக்குக்கூட இங்கிலீஷ் தேவைப்படவில்லை. இங்கிலீஷ் பேங்குகளோடும் சீன முதலாளிகளோடும் தினம் புழங்கியபடியே, உள்கணக்கு முழுவதையும் தமிழில் வைத்துக்கொண்டார்கள்.

கிட்டங்கி இருந்த ஊரிலெல்லாம் தண்டாயுதபாணி கோயிலும் இருந்தது. பினாங்கில் 1857, சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859. வட்டி விகிதம் பேசுவதும், தகராறு தீர்ப்பதும், யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று விசாரிப்பதும் கோயிலைச் சுற்றித்தான் நடந்தன. இன்றைய பாஷையில் சொன்னால் பேங்குகளின் சங்கம், மத்தியஸ்த மன்றம், எல்லாம் முருகன் சன்னதியில்.

பர்மாவில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. கீழ் பர்மாவை 1852இல் இங்கிலீஷ்காரர்கள் எடுத்துக்கொண்ட பிறகு, ஐராவதி முகத்துவாரச் சதுப்பெல்லாம் நெல் வயலாக மாறியது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பா வரை சந்தை. காடு வெட்டி வயலாக்கிய விவசாயிக்கு விதைக்கும் மாட்டுக்கும் பணம் வேண்டும். இங்கிலீஷ் பேங்க் அவனுக்குக் கொடுக்காது. செட்டியார் கொடுத்தார். 1929-30இல் அமைந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது அங்கே செட்டியார் கடைகள் சுமார் 1,650, அவற்றில் புழங்கிய பணம் சுமார் 75 கோடி ரூபாய். இன்றைக்குக் கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் நாம் வாய் பிளந்து பார்க்கும் பர்மா தேக்குத் தூண்களுக்குப் பின்னால் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

அதே காலத்தில்தான் உலகப் பொருளாதார வீழ்ச்சி. நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை. ஈடு வைத்த நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. 1930களின் இறுதியில் கீழ் பர்மாவின் சாகுபடி நிலத்தில் கால்வாசி அவர்கள் பெயரில். விரும்பி வாங்கியது கிடையாது, காசாக்க முடியாத சொத்து. பர்மியர் பார்வையில் நிலத்தைப் பிடுங்கிக்கொண்ட அந்நியர். அந்தக் கோபத்தையும் மறைக்காமல் சொன்னால்தான் கதை முழுசாகும். 1942இல் ஜப்பான் படை வந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் கடல் வழியாகவும் அசாம் காடு வழியாக நடந்தும் ஓடி வந்தார்கள். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் கொண்டுவந்தது. 1960களில் நே வின் ராணுவ ஆட்சி கடைகளையும் எடுத்துக்கொண்டது. பல விலாசங்கள் அத்தோடு முடிந்தன.

சிங்கப்பூரில் முடிவு இவ்வளவு கொடூரமாக வரவில்லை. பேங்குகள் பெருகின, லேவாதேவிக்குச் சட்டம் இறுகியது, அடுத்த தலைமுறை டாக்டரும் இன்ஜினியருமாகப் போனது. 1970களிலும் அதைத் தொடர்ந்தும் நகரப் புதுப்பிப்பு வந்தபோது செட்டித் தெருவின் கடைவீடுகள் இடிக்கப்பட்டன. அந்த இடத்தில் இன்று உயரமான ஆபீஸ் கட்டடங்கள். மார்க்கெட் ஸ்ட்ரீட் என்ற பெயர் மட்டும் இருக்கிறது.

எழுதி வைக்க வேண்டியது

குடோன் என்ற வார்த்தையை விரட்டிவிட்டுக் கிடங்கு என்று சொல்ல வேண்டும் என்று அவ்வப்போது குரல் எழும். அரசு போர்டில் கிடங்கு என்று எழுதியிருப்பது நல்லதுதான். மதுரைக் காஞ்சி காலத்துச் சொல் ஒன்று ரேஷன் அரிசி வரைக்கும் புழக்கத்தில் இருப்பது எந்த மொழிக்கும் பெருமை. அதற்காக டிரைவர் வாயிலிருந்து குடோனைப் பிடுங்க வேண்டியதில்லை. அதுவும் பெரும்பாலும் இதே கரையிலிருந்து போய், மலாக்காவில் செங்கல் பூசிக்கொண்டு திரும்பி வந்ததுதான்.

கவலைப்பட வேண்டியது கிட்டங்கியைப் பற்றித்தான். கிடங்குக்கு அகராதி இருக்கிறது, அரசாணை இருக்கிறது. குடோனுக்கு ஹாங்காங் வரை ஆள் இருக்கிறது. கிட்டங்கிக்கு அதில் வாழ்ந்தவர்கள் மட்டும்தான் இருந்தார்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், விலாசம், ஐந்தொகை என்ற சொற்களை வேலையாகச் செய்த கடைசித் தலைமுறை இப்போது மிக முதியவர்கள். சிங்கம்புணரியில் பிறந்து, 1938இல் கப்பல் ஏறி சுமத்ராவிலுள்ள மேடானுக்குப் போன ப. சிங்காரம் அந்த உலகத்தின் ஒரு பகுதியைத் தன் 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' நாவல்களில் பிடித்து வைத்தார். சிவகங்கைச் சீமை தமிழுக்குக் கொடுத்த பெரிய கொடைகள் அவை. ஆனால் நாவலில் வராத விவரங்கள் இன்னும் எத்தனையோ. ஒரு கிட்டங்கிக்கு வாடகை எப்படிப் பிரித்தார்கள், சமையல் செலவை யார் எழுதினார்கள், செத்துப்போனவருடைய பெட்டகத்தை யார் திறந்தார்கள் என்பதெல்லாம் கடிதங்களிலும் பேரேடுகளிலும்தான் இருக்கும்.

அந்தக் காகிதங்கள் இன்றைக்கும் செட்டிநாட்டு வீடுகளில் இருக்கின்றன. வளவைச் சுற்றிய அறைகளில், கல்யாணச் சாமான்களுக்கு அடியில், தகரப் பெட்டிகளில். வீடு பாகம் பிரியும்போது தூணுக்கும் நிலைக்கதவுக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலை கிடைக்கும். பேரேட்டுக்கு எடைக்கு எடை பழைய பேப்பர் விலைதான். அதனால் அது முதலில் போய்விடும்.

போகாமல் தடுக்க முடியும் என்பதற்குக் காரைக்குடிக்குப் பக்கத்திலேயே சாட்சி உண்டு. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா செட்டியார், தன் வாழ்நாளெல்லாம் தமிழில் அச்சான எதையும் விடாமல் சேர்த்தார். நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீஸ்கள், கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம். 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, தமிழ்நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகாமல், 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிலைநிறுத்த உதவியது. இன்றைக்குத் தமிழ்ச் சமூக வரலாறு எழுதும் யாரும் அந்த வாசலைத் தாண்டிப் போக முடியாது. அவர் சேர்த்தது அச்சுக் காகிதம். கையெழுத்துக் காகிதத்துக்கு, ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்களுக்கும் ஐந்தொகைகளுக்கும் அப்படி ஒரு முயற்சி வேண்டும்.

தொடங்குவது கடினமில்லை. இந்தக் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள், வீட்டில் கப்பல் ஏறிப் போய்வந்த ஐயா ஒருவர் இருந்தால், போனை ரெக்கார்டில் போட்டுவிட்டு அவரிடம் மூன்று கேள்வி கேட்கலாம். உங்கள் கடையின் விலாசம் என்ன? கிட்டங்கியில் உங்கள் இடத்துக்கு அடுத்த இடத்தில் யார் இருந்தார்? பெட்டியடிப் பையனாக முதல் நாள் என்ன வேலை செய்தீர்கள்? பெட்டியில் பேரேடு இருந்தால், பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, எந்த ஊர், எந்த வருஷம் என்று மேலே எழுதி வைக்கலாம். மூலத்தைக் கரையான் எட்டாத இடத்தில் வைக்க முடியாவிட்டால், நூலகம் ஒன்றுக்குக் கொடுக்கலாம். அடுத்த அகராதிக்காரர் கிட்டங்கி என்ற தலைப்பின் கீழ் என்ன எழுதுவார் என்பது அந்தப் பெட்டிகளில் எத்தனை மிஞ்சுகின்றன என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.